பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கு: முதல்முறை உட்காருபவர்களுக்கு

தவக்காலம் முடியப் போகும் நேரத்தில், ஏதாவது ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது அன்பியப் பொறுப்பாளர் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவின் பொறுப்பாளர்) கையில் ஒரு தாளோடு நிற்பார். "தம்பி, பெரிய வியாழனுக்கு உங்க பேரைச் சேர்த்திருக்கேன். கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க" என்பார். "ஐயையோ, என்னையா? வேற யாரையாவது போடுங்கண்ணே" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அப்புறம் வீட்டுக்குப் போய், அங்கே என்ன நடக்கும், எப்படி உட்கார வேண்டும், என்ன உடுத்துவது என்று யோசனை ஓடும். கேட்கக் கூச்சம். யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதும் இல்லை.

பெரிய வியாழன் என்பது ஈஸ்டருக்கு முந்தைய வியாழன். அன்று மாலைத் திருப்பலியில் குரு சிலருடைய பாதங்களைக் கழுவுவார். இந்தக் கட்டுரை அப்படிப் பெயர் கொடுக்கப்பட்டவர்களுக்கும், புதிதாகக் கிறிஸ்தவ வாழ்க்கைக்குள் வந்து இந்தச் சடங்கை முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கும். பெரும்பகுதி கத்தோலிக்கப் பங்கை (ஒரு கோவிலும் அதைச் சேர்ந்த மக்களும்) மனதில் வைத்து எழுதியது. மற்ற சபைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு.

முதலில் யோவான் 13

விவிலியத்தை எடுத்து யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தின் முதல் 17 வசனங்களை வாசியுங்கள். பத்து நிமிடம் போதும். கடைசி இரவு விருந்தில் இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவிய இந்த நிகழ்ச்சி மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரிடமும் இல்லை. அப்பத்தையும் இரசத்தையும் கொடுத்ததை அவர்கள் மூவரும் எழுதியிருக்கிறார்கள். அந்த இரவு விருந்தைச் சொல்லும்போது யோவான் அதை எழுதவில்லை, அந்த இடத்தில் பாதம் கழுவியதை வைத்திருக்கிறார். லூக்கா 22-ஐயும் சேர்த்து வாசித்தால் இன்னொன்று தெரியும்: அதே பந்தியில்தான் சீடர்கள் தங்களுக்குள் யார் பெரியவர் என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

வாசிக்கும்போது இயேசுவை மட்டும் பார்க்காமல் பேதுருவைக் கவனியுங்கள். நாற்காலியில் உட்காரப் போகிற உங்களுக்கு முன்மாதிரி அவர்தான். முதலில் "என் காலை நீர் கழுவவே கூடாது" என்று மறுக்கிறார். கழுவாவிட்டால் உனக்கு என்னோடு பங்கில்லை என்று இயேசு சொன்னதும், அப்படியானால் கையையும் தலையையும் சேர்த்தே கழுவும் என்கிறார். கேட்க இரண்டும் எதிரெதிர் மாதிரி இருக்கும். ஆனால் இரண்டிலும் என்ன நடக்க வேண்டும் என்று முடிவு செய்வது பேதுருதான். சும்மா உட்கார்ந்து வாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை.

என்னைக் கேட்டால் இந்தச் சடங்கின் கடினமான பக்கம் அதுதான். அடுத்தவர் காலைக் கழுவுவதற்குத் துணிச்சல் வந்துவிடும், அதில் ஒரு திருப்தியும் கிடைக்கும். நம் காலை ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பது அப்படி வராது. நம் ஊரில் காலைத் தொடுவது எப்போதும் மேல்நோக்கிப் போகிற மரியாதை: பெற்றோர் காலில் விழுவோம், குருவின் காலைத் தொடுவோம், கல்யாணத்தில் பாதபூஜை செய்வோம். இங்கே திருப்பலி நடத்தும் சாமியார் உங்கள் முன்னால் குனிகிறார். உடம்பு கூசத்தான் செய்யும். கூசட்டும், காலை மட்டும் இழுத்துக்கொள்ளாதீர்கள்.

இயேசுவும் வாங்கிக்கொண்டவர்தான். அதற்கு முந்தைய 12-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பாஸ்காவுக்கு ஆறு நாள் முன்பு பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை அவர் பாதங்களில் பூசித் தன் கூந்தலால் துடைத்தபோது அவர் தடுக்கவில்லை. தடுக்கப் பார்த்த யூதாசைத்தான் விடச் சொன்னார்.

உள்ளே கழுவ வேண்டியது

இதற்குக் குறைந்தது ஒரு வாரம் ஒதுக்குங்கள். குளித்தவன் காலை மட்டும் கழுவினால் போதும் என்று இயேசு பேதுருவிடம் சொன்னதற்குப் புனித அகுஸ்தினார் தந்த விளக்கம் இது: குளியல் திருமுழுக்கு, அது ஒரே முறை. ஆனால் மண்ணில் நடந்துதானே ஆக வேண்டும், நடக்கிற காலில் தினமும் ஏதாவது ஒட்டும். அந்தத் தினசரி அழுக்குக்குத்தான் திரும்பத் திரும்பக் கழுவல் தேவைப்படுகிறது.

கத்தோலிக்கருக்கு அதற்கான வழி ஒப்புரவு அருட்சாதனம், பழைய பேச்சில் பாவசங்கீர்த்தனம்: குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. புனித வாரத்துக்கு முன் பல பங்குகளில் அக்கம்பக்கத்துக் குருக்களையும் அழைத்து ஒரு நாள் மாலையில் வைப்பார்கள். கூட்டம் அதிகமாக இருக்கும். நிதானமாகப் பேச வேண்டும் என்றால் அதற்கு முந்தைய வாரமே பங்குத்தந்தையிடம் நேரம் கேட்டுப் போவது நல்லது.

பல வருடம் போகாமல் இருந்து இப்போது போகிறவர்களுக்கு: முறை மறந்துபோய்விட்டது என்று அஞ்ச வேண்டாம். "சாமி, வந்து ரொம்ப வருஷம் ஆச்சு, கொஞ்சம் சொல்லிக் கொடுங்க" என்று ஆரம்பித்தால் அவரே நடத்திக் கொண்டுபோவார். போவதற்கு முன் வீட்டில் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து யோசியுங்கள். செய்ததைச் சுருக்கமாக, சாக்குச் சொல்லாமல் சொல்லுங்கள். நம்மில் பலர் மாமியார் செய்த பாவத்தையும் மேலாளர் செய்த பாவத்தையும் விலாவாரியாகச் சொல்லிவிட்டு நம்முடையதை ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பாவத்துக்கு வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப செபம் நினைவில்லை என்றால் செபப் புத்தகத்தைப் பார்த்தே சொல்லலாம். கேட்டதை வெளியே சொல்லக் குருவுக்கு அனுமதியே கிடையாது. எந்தக் காரணத்துக்காகவும் கிடையாது.

அதோடு முடியவில்லை. பலிபீடத்தில் காணிக்கை வைக்கப் போகும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் சமாதானம் செய் என்று மத்தேயு 5-இல் இருக்கிறது. யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று பாருங்கள். ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். பங்காளியாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். புனித வாரத்துக்கு முன் அவரிடம் நேரில் போங்கள் அல்லது போனில் கூப்பிடுங்கள். பழைய வழக்கை மறுபடி விசாரிக்காதீர்கள். "அண்ணே, நான் அன்னைக்குப் பேசினது தப்பு" என்பதோடு நிறுத்துங்கள். அவர் மன்னிக்காமல் போகலாம், அது அவர் பாடு. வாட்ஸ்அப்பில் பொதுவாக "யாரையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்" என்று எல்லாருக்கும் அனுப்புவது இதற்கு ஈடாகாது.

யார் உட்காரலாம்

ஆள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்கள் கையில் இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு. வெறும் பங்கேற்பாளர் என்றாலும் தெரிந்துகொள்வது நல்லது.

ஆண்கள் மட்டும் என்றுதான் முன்பு திருப்பலி நூல் சொன்னது. திருத்தந்தை பிரான்சிஸ் 2013 மார்ச் 28 அன்று, பதவியேற்ற மாதத்திலேயே, ரோமில் இளங்குற்றவாளிகள் காவலில் இருக்கும் காசல் தெல் மார்மோவுக்குப் போய் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இஸ்லாமியரும் இருந்தார்கள். 2016 ஜனவரி 6 தேதியிட்ட ஆணை வழியாக விதியே மாறியது. இறைமக்கள் யாராக இருந்தாலும், ஆண், பெண், முதியவர், இளையவர், நலமாக இருப்பவர், நோயாளி என்று எல்லா வகையினரிலிருந்தும் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுக்கப்படுகிறவர்களுக்கு இதன் பொருளை முன்கூட்டியே விளக்க வேண்டும் என்றும் அந்த ஆணை சொல்கிறது. பன்னிரண்டு என்பது வழக்கம்தான், எண்ணிக்கையை நூல் கட்டாயப்படுத்தவில்லை. சடங்கே கட்டாயம் கிடையாது. 2020-இல் கொரோனா காலத்தில் உலகம் முழுவதும் இதை விட்டுவிடச் சொன்னார்கள்.

விதி இவ்வளவு திறந்திருக்கும்போது, வருடா வருடம் பங்குப்பேரவை உறுப்பினர்களும் நன்கொடையாளர்களும் அதே நாற்காலிகளில் உட்காருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தமிழ்நாட்டுப் பங்குகளில் இன்னொரு கேள்வியையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்: பன்னிரண்டு பேரும் எந்தெந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள்? திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கோவிலில் சாதிகளைப் பிரித்து உட்காரவைக்கச் சுவர் இருந்தது. 1910-இல் சேசு சபைக் குருக்கள் அதை இடித்தபோது எதிர்த்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள், வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை நடந்தது. சுவர் போன பிறகும் பட்டியல் எழுதுகிற பேனாவில் அது இருக்கலாம். பட்டியல் போட்டதும் ஊர் வரைபடத்தோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். கோவிலைக் கூட்டுகிறவர், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர், வெளியூரிலிருந்து வந்து கட்டட வேலை செய்கிற கிறிஸ்தவர் என்று யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

அப்போஸ்தலர்கள் மாதிரி வேடம் வேண்டாம் என்பது என் கருத்து. வெள்ளை அங்கி, நிறத்துண்டு எல்லாம் சில பங்குகளில் வழக்கமாகிவிட்டது. வேடம் போட்டதும் அது நாடகமாகி, கழுவப்படுவது யாரோ ஒரு பழைய காலத்து ஆளின் கால் ஆகிவிடுகிறது. ஆனால் உங்கள் பங்கில் அதுதான் வழக்கம் என்றால், புதியவராகப் போய்ச் சண்டை போடாதீர்கள். கொடுத்ததை உடுத்திக்கொள்ளுங்கள்.

அன்று மாலை: உடம்பு சார்ந்த விஷயங்கள்

- வீட்டிலேயே காலைக் கழுவி நகம் வெட்டிவிட்டு வாருங்கள். வாசனை எண்ணெய், கிரீம் எதுவும் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும்.
- வேட்டியோ, முழங்கால்வரை எளிதாகச் சுருட்டக்கூடிய தளர்ந்த பேண்ட்டோ போதும். இறுக்கமான ஜீன்ஸ் சுருட்ட வராது. சேலை, சுடிதார் எதுவானாலும் கணுக்கால் வரை தூக்கினால் போதும். சாக்ஸ் போடாதீர்கள்.
- பெரும்பாலும் வலது கால் மட்டும்தான். அங்கே போய் எந்தக் கால் என்று குழம்பாமல் முன்னதாகவே கோவில்பிள்ளையிடம் (கோவில் வேலைகளைக் கவனிப்பவர்) கேட்டுக்கொள்ளுங்கள்.
- சர்க்கரை நோயாளிகள், காலில் புண், வெடிப்பு, கட்டு இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறு காலை நீட்டலாம், அல்லது அந்த வருடம் விட்டுவிடலாம். உணர்ச்சி குறைந்த காலில் வெந்நீர் ஊற்றினால் சுடுவதே தெரியாது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று ஏற்பாடு செய்பவர் கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

ஏற்பாட்டாளருக்கு இரண்டு வார்த்தை. ஆளுக்கொரு துண்டு வையுங்கள், ஒரே துண்டால் பன்னிரண்டு பேருக்கும் துடைக்காதீர்கள். தரையில் சாக்கோ மிதியடியோ விரியுங்கள். கிரானைட் தரையில் தண்ணீர் சிந்தினால் அடுத்து நற்கருணைப் (திருப்பலியில் அர்ப்பணித்த அப்பம்) பவனியில் பீடச்சிறுவர் யாராவது விழுவார்கள். வயதானவர்களுக்குக் கை வைத்த நாற்காலி கொடுங்கள்.

சடங்கின்போது

ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலி மாலையில்தான் நடக்கும். 1955-இல் பன்னிரண்டாம் பயஸ் செய்த சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் இது காலையிலிருந்து மாலைக்கு வந்தது, பாதம் கழுவுவதும் பங்குத் திருப்பலிக்குள் நுழைந்தது. 'உன்னதங்களிலே' என்று தொடங்கும் வானவர் கீதத்தின்போது மணிகள் முழங்கும். அதோடு சரி, ஈஸ்டருக்கு முந்தைய இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு வரை மணி கிடையாது, மரக்கட்டையைத் தட்டித்தான் ஓசை எழுப்புவார்கள். மறையுரை முடிந்ததும் உங்களை அழைப்பார்கள்.

போய் உட்காருங்கள். குரு மேலுடையைக் கழற்றிவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வருவார். உங்கள் முறை வரும்போது காலைப் பாத்திரத்துக்கு மேல் நீட்டுங்கள். பாத்திரத்துக்குள் ஊன்ற வேண்டாம். தண்ணீர் ஊற்றித் துடைப்பார். சில குருக்கள் பாதத்தை முத்தமிடுவார்கள், அது வழக்கமே தவிரச் சடங்கு நூலில் சொன்னதல்ல. அந்த நேரத்தில் திரும்ப அவர் காலைத் தொடுவது, கையைப் பிடித்துத் தடுப்பது, "போதும் சாமி, போதும் சாமி" என்பது எதுவும் வேண்டாம். பேதுரு அதைத்தான் செய்தார். மனதுக்குள் ஒரு செபம் சொல்லலாம், ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம்.

செல்போனை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், அவர்களும் படம் எடுக்க முன்னால் ஓடிவர வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். சில இடங்களில் முடிந்ததும் ரொட்டியோ சிறு பரிசோ கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு விசுவாசப் பிரமாணம் சொல்லாமல் நேரே மன்றாட்டுகளுக்குப் போய்விடுவார்கள். திருப்பலி முடிவில் நற்கருணையை வேறு பீடத்துக்குப் பவனியாகக் கொண்டுபோவார்கள், நள்ளிரவு வரை ஆராதனை இருக்கும். உட்கார்ந்தவர்களாவது ஒரு மணி நேரம் அங்கே இருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

வேறு சபையில் இருந்தால்

சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் பெரிய வியாழனன்று திருவிருந்து ஆராதனைதான் பிரதானம். சில சபைகளில் குருவானவர் பாதம் கழுவுவதும் உண்டு.

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையில் இது வேறு மாதிரி. பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு திருவிருந்துக்கும் முன்னால், சபையார் எல்லாருமே செய்வார்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனி இடத்தில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒருவர் காலை ஒருவர் கழுவி, ஒருவருக்காக ஒருவர் செபிப்பார்கள். கணவன் மனைவி சேர்ந்து செய்யவும் சில சபைகளில் இடம் ஒதுக்குவார்கள். எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். மேடையும் பார்வையாளரும் கிடையாது, கழுவியவரே அடுத்த நிமிடம் காலை நீட்ட வேண்டும். அங்கே முதல்முறை போகிறவர்கள் துணை தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், யாராவது வந்து "சேர்ந்து செய்யலாமா பிரதர்?" என்று கேட்பார்கள். பேச்சு விட்டுப்போன ஆள் அதே அறையில் இருந்தால், கேட்க வேண்டியது நீங்கள்.

வீட்டில் செய்து பார்க்க

கோவிலில் உங்கள் பெயர் வராமல் போனாலும் வீட்டில் செய்யலாம். அகலமான தாம்பாளம், ஒரு செம்பு வெதுவெதுப்பான தண்ணீர், துண்டு போதும். சோப்பு வேண்டாம். இடது கையால் குதிகாலைத் தாங்கிப் பிடித்து, வலது கையால் மெதுவாக ஊற்றுங்கள். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், விரலிடுக்கு ஈரமாக இருக்கக் கூடாது. அப்பா பிள்ளைகளுக்குக் கழுவட்டும். அதோடு நிறுத்தாமல், வேலைக்கு வருகிற அக்காவுக்கு அன்று கழுவ முடியுமா என்று யோசியுங்கள். அவர் சங்கடப்பட்டு வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. நம் பக்திக்கு அவரைக் கருவியாக்குவது தாழ்மையில் சேராது. அதைவிட, அவருக்குத் தர வேண்டிய சம்பளத்தைத் தேதியில் கொடுப்பதும், அவருக்கென்று தனி டம்ளர் வைத்திருந்தால் அதை எடுத்துவிடுவதும் முதலில் செய்ய வேண்டியவை.

ஈஸ்டருக்குப் பிறகு

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) துறவிகளின் மடத்துக்கு எழுதிய ஒழுங்கில் பாதம் கழுவுவது வருடாந்தரச் சடங்காக இல்லை. அந்த வாரச் சமையல் வேலையை முடிப்பவரும் அடுத்த வாரம் தொடங்குபவரும் சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவ வேண்டும் என்று இருக்கிறது. வருகிற விருந்தினருக்கும் கழுவ வேண்டும். அடுப்படி வேலையோடு சேர்த்தே அதை வைத்திருக்கிறார்.

அதனால் ஈஸ்டர் வாரத்திலேயே ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுங்கள். பெரிதாக வேண்டாம், யார் கண்ணிலும் படாததாக இருந்தால் நல்லது. கோவில் கழிப்பறையைச் சுத்தம் செய்யும் முறைப்பட்டியலில் பெயர் சேர்க்கலாம். படுக்கையில் இருக்கும் பங்கு மக்களுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கலாம். பல பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. 1833-இல் பாரிசில் பிரெடரிக் ஓசனாம் என்ற இளைஞரும் நண்பர்களும் தொடங்கியது. உறுப்பினர்கள் இரண்டிரண்டு பேராக ஏழைகள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள். கூட்டத்தில் ஒரு பையைச் சுற்றுக்கு விடுவார்கள், யார் எவ்வளவு போட்டார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது. புதியவர்களுக்குப் பழக இது நல்ல இடம்.

அப்படி ஒரு வீட்டுக்குப் போகும்போது பேச்சைக் குறைத்து உட்கார்ந்து கேளுங்கள். குடும்பத்துக்குப் புத்தி சொல்லாதீர்கள், படம் எடுக்காதீர்கள். அந்த அம்மா பக்கத்துக் கடையில் கடன் சொல்லியாவது டீ வாங்கி வந்து வைப்பார். "எதுக்கும்மா இதெல்லாம், வேண்டாம்" என்று எழுந்துவிடாதீர்கள். குடித்துவிட்டு, அடுத்த முறை என்றைக்கு வருவீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.